விடிந்ததிலிருந்து படுக்கும்வரை எதைக் கேட்கிறீர்கள்? எந்த வேலைக்கு எது?

குடந்தைத் தையல்காரர் · செவ்வாய் இரவு 10:05

எனக்கு வயது 58. கும்பகோணத்தில் கோயில் மதிலை ஒட்டிய சந்தில் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் கண்ணும் கையும் துணியில் இருக்கும், கால் மிதியில் இருக்கும். காது மட்டும் சும்மா கிடக்கும். 36 வருடமாக அந்தக் காதுக்கு வானொலிதான் துணை.

விடியற்காலையில் வானொலியின் அடையாள இசை கேட்டு எழுந்திருக்கிறேன். 7:15-க்குத் தமிழ்ச் செய்தி. அது முடிவதற்குள் காபி டம்ளர் காலியாகிவிட வேண்டும். 9 மணிக்குக் கடை திறந்ததும் மீடியம் வேவில் திருச்சி, 936. மதியத்துக்கு மேல் காரைக்கால் பண்பலை, 100.3. இரவு கடை சாத்தும்வரை பெட்டி அணைவதில்லை.

ஒரு விஷயத்தைப் பல வருடம் கழித்துத்தான் கவனித்தேன். நான் வேலையை வைத்து வானொலி கேட்கவில்லை, வானொலியை வைத்து வேலையை அடுக்கி வந்திருக்கிறேன். பாட்டு வரும்போது நீளத் தையல், ஓரம் அடிப்பது, பள்ளிச் சீருடைக் கால்சட்டைகள். மெஷின் சத்தத்துக்கு மேல் பாட்டு நிற்கும். பேச்சு வரும்போது மெஷினை நிறுத்திவிட்டுக் கைவேலை: காஜா (பித்தான் துளையைச் சுற்றிப் போடும் தையல்), பித்தான், ஹெம்மிங். அளவு எடுக்க ஆள் வந்தால் ஒலியைக் குறைத்துவிடுவேன். 34 என்று சொன்னதை 44 என்று எழுதினால் ரவிக்கைத் துணி போயிற்று. முன்பு இரவு 9:15 முதல் 9:45 வரை லண்டன் பி.பி.சி.யின் தமிழோசை. அந்த அரை மணி நேரம் முழுக்கக் காஜாதான். 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. ஆனாலும் 9:15 ஆனால் இன்றும் நான் காஜா ஊசியைத்தான் எடுக்கிறேன்.

அதனால்தான் கேட்கிறேன். நீங்கள் எந்த வேலை செய்யும்போது எதைக் கேட்கிறீர்கள்?

இன்னொன்று. இருபது நாளாகச் சாயங்காலம் ஆனால் 936-இல் 'ர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். பேச்சே புரிவதில்லை. தீபாவளித் துணி குவிந்து கிடக்கிறது. தெரிந்தவர்கள் வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

சிற்றலை நேயர், சேலம் · செவ்வாய் இரவு 10:50

ஐயா, முதலில் இரைச்சலைப் பார்த்துவிடுவோம்.

சாயங்காலம் மீடியம் வேவில் இரண்டு விதமான தொல்லை வரும். ஒன்று வானத்திலிருந்து வருவது. பகலில் மேலே 'டி' அடுக்கு என்று ஒன்று இருந்து இந்த அலைகளை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அது கரைந்துபோகும். அப்போது தொலைதூர நிலையங்களின் அலைகள் இன்னும் மேலே உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி வந்து நம் நிலையத்தோடு கலக்கும். இது மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். உள்ளே வேறு மொழிப் பேச்சோ பாட்டோ கேட்கும். மற்றொன்று மின்சாரத் தொல்லை. எல்.இ.டி. விளக்கு, மலிவான சார்ஜர், இன்வெர்ட்டர் இவற்றிலிருந்து வருவது. இது ஏறி இறங்காது. யாரோ சுவிட்சைப் போட்டதுபோல ஒரு நொடியில் தொடங்கும்.

நாளை சாயங்காலம் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரைச்சல் எந்த நிமிடத்தில், எப்படித் தொடங்குகிறது என்று மட்டும் பாருங்கள். வானொலியைக் கரண்டில் ஓட்டினால் அன்று மட்டும் பேட்டரிக்கட்டையில் ஓட்டுங்கள்.

என் பழக்கம் உங்களுடையதற்கு நேர் எதிர். நான் வேலையோடு வானொலி கேட்பதில்லை. கேட்பதுதான் வேலை. இரவு 10-க்கு மேல் மொட்டை மாடியில் செப்புக் கம்பி கட்டி உட்கார்ந்துவிடுவேன். கேட்டதை நோட்டில் எழுதி நிலையத்துக்கு அனுப்புவேன். ஒலியின் வலிமை, குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் என்று ஐந்துக்கும் 5-க்கு இத்தனை என்று எண் போட வேண்டும். பதிலுக்கு அவர்கள் அட்டை அனுப்புவார்கள். மணிலாவின் வேரித்தாஸ் தமிழ்ப்பணி, சீன வானொலி, கொழும்பு என்று ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அட்டைகள் இருக்கின்றன. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963-இல் தொடங்கியது. அங்கே சீன அறிவிப்பாளர்களே தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு தமிழில் பேசுவார்கள். முதன்முதலில் கேட்ட இரவில் என் அப்பாவை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன்.

நடத்துநர், திண்டுக்கல் · புதன் காலை 5:20

தையல்கார அண்ணா, உங்கள் கேள்விக்குப் பஸ்ஸிலிருந்து ஒரு பதில்.

தனியார் பஸ்ஸில் நடத்துநராக இருக்கிறேன். திண்டுக்கல்–தேனி வழி. எங்கள் ஓட்டுநர் வண்டி ஓட்டும்போது புதுப் பாட்டுக் கேட்கவே மாட்டார். காரணம் கேட்டேன். "தெரிந்த பாட்டு கையைப் பிடிக்காது. புதுப் பாட்டென்றால் அடுத்த வரி என்ன என்று மனம் அதன் பின்னால் போய்விடும்" என்றார். அவருடைய பென் டிரைவில் காலை நடைக்குப் பக்திப் பாடல், பகலுக்குப் பழைய பாடல், இரவு நடைக்கு இளையராஜா. அந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை.

நான் கேட்பது கொடைப் பண்பலை, 100.5. மலை உச்சியில் கோபுரம் இருப்பதால் எத்தனையோ மாவட்டங்களுக்கு அது எட்டும். ஆனால் பண்பலை நேர்கோட்டில் வருவது. மலைக்கு நேர் கீழே, தேவதானப்பட்டிப் பக்கம் போகும்போது என் சின்னப் பெட்டியில் சில இடங்களில் சலசலக்கும். தள்ளி வந்து திண்டுக்கல் சமவெளியில் கணீரென்று கேட்கும். விளக்கு இருக்கும் இடத்தில்தான் நிழலும் என்பதை இந்த வழியில் தினம் பார்க்கிறேன். முதல் நடைக்கு முன் டீக்கடையில் அரை மணி, கடைசி நடை முடிந்து கணக்கு எழுதும்போது அரை மணி. எனக்குக் கிடைப்பது அவ்வளவுதான். கணக்கு எழுதும்போது பேச்சு ஆகாது, சில்லறை தப்பிவிடும். பாட்டு மட்டும்.

நடுவில் ஒரு மனக்குறை. பயணிகள் கைபேசியைக் காதுக்கருவி இல்லாமல் சத்தமாக வைக்கிறார்கள். ஒரே நேரத்தில் நாலு இருக்கையிலிருந்து நாலு சத்தம். அதைக் கேட்கப் போனால் என்னோடு சண்டை.

தேர்வுக்குப் படிப்பவள், தர்மபுரி · புதன் காலை 7:48

நான் அரசுப் பணியாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 7:15 செய்தியை நானும் கேட்கிறேன், ஆனால் கைபேசிச் செயலியில். ஒரு முறை சும்மா கேட்பேன். பிறகு அன்று சொன்ன பெயர்கள், ஊர்கள், தொகைகள் எது நினைவில் நின்றதோ அதை எழுதுவேன்.

அம்மாவோடு பாத்திரம் துலக்கும்போது வரலாற்றுப் பாடம், ஒன்றரை மடங்கு வேகத்தில். மாடு கறக்கும்போது ஒன்றும் கேட்கக் கூடாது, அதற்குப் பிடிக்காது. நடைப்பயிற்சியில் அறிவியல். கணக்குப் போடும்போது முழு அமைதி. பாட்டு என்பது இரவு படுத்த பிறகு மூன்றே மூன்று.

ஐயா, ஒன்று சொல்கிறேன், வருத்தப்பட வேண்டாம். வானொலி என் நேரத்துக்காகக் காத்திருக்காது. எனக்கு ஒரு நாளில் கையில் இருப்பதே நாலு மணி நேரம். அந்த நேரத்தில் எனக்கு எது வேண்டுமோ அதை நானே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் பெரியவர்கள், "காதில் எதையாவது மாட்டிக்கொண்டே திரிகிறாள்" என்கிறார்கள். நான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

குடந்தைத் தையல்காரர் · புதன் பகல் 2:15

இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது அம்மா? உன் நேரம் உன்னுடையது. பாத்திரம் துலக்கிக்கொண்டே படிக்கிற பிள்ளையை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆனாலும் வேண்டும் என்று தேடி எடுப்பதைப் பற்றி என் அப்பா கதை ஒன்று இருக்கிறது. அவர் குத்தகை விவசாயி. எங்கள் ஊரிலிருந்து ஆடுதுறை ஒரு நடை தூரம். 1960-களில் அங்கே இருந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. பக்கத்து ஊரில் விளைந்த செய்தி, ஆனால் அப்பாவுக்கு அது வந்து சேர்ந்தது திருச்சி வானொலி வழியாக. 1966-இல் வானொலியில் பண்ணை இல்லப் பிரிவு தொடங்கி, விதை, உரம், நாற்றங்கால் என்று சாயங்காலம் பேசுவார்கள். பஞ்சாயத்து ரேடியோவின் முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்து கேட்பார்களாம். அந்த நெல்லுக்குத் தஞ்சைப் பக்கத்தில் 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. அப்பா கடைசிவரை அப்படித்தான் சொன்னார்.

அவர் அன்று பாட்டுப் போடுவார்கள் என்றுதான் போனார். நெல்லைத் தேடிப் போகவில்லை. கேட்காததைக் கொண்டுவந்து கொடுக்கிறது என்பதற்காகத்தான் நான் இந்தப் பெட்டியை விடாமல் வைத்திருக்கிறேன்.

இரைச்சல் விஷயம்: இன்று கடிகாரத்தோடு உட்காருகிறேன்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை, டொராண்டோ · புதன் இரவு 8:30

அண்ணை, உங்கள் 9:15-ஐ வாசித்தவுடன் எழுத வந்தேன்.

1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. பற்றறி கொண்டுவரத் தடை. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. ஜாம் போத்தலில் திரி போட்டு எரிக்கும் சின்ன விளக்கில்தான் படித்தோம். ஆனால் இரவு 9:15-க்குத் தமிழோசை கேட்காமல் ஊர் படுக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்குக் கம்பி இழுத்திருந்தோம். நடுவில் பொருத்த வேண்டியதை ரேடியோ திருத்துகிற ஐயா ஒட்டித் தந்திருந்தார். சுற்றுவது என் அண்ணாவின் வேலை. அவர் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். "சுற்றடா, சுற்றடா" என்று பத்துப் பேர் சத்தம் போடுவார்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் அந்த அரை மணி நேரத்துக்கு நாலு வீட்டுச் சனம் இருக்கும். எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை அப்படித்தான் அறிந்தோம்.

இப்போது பனிக்காலத்தில் விடிய முன்னரே வேலைக்குக் கார் ஓட்டுகிறேன். ஊரில் அப்போது பின்னேரம். அங்கே நாளைக் காலையில் வாசிக்கப்போகும் 7:15 செய்தி எனக்கு இன்று இரவு 8:45-க்கு வருகிறது, கோடையில் 9:45-க்கு. இரவுச் சமையலை அதற்கு ஏற்ற மாதிரித்தான் வைத்திருக்கிறேன். பருப்பு அவிய விட்டுவிட்டு வெங்காயம் உரிப்பது. உங்கள் காஜா மாதிரி எனக்கு வெங்காயம்.

காது பரிசோதகர், மதுரை · வியாழன் காலை 9:10

செவித்திறன் பரிசோதனை செய்வது என் தொழில். இந்த இழையில் ஒன்றரை மடங்கு வேகமும் பஸ் சத்தமும் வந்ததால் எழுதுகிறேன்.

பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு: 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். சிறு பிள்ளைகளுக்கு 75. ஒலி 3 டெசிபெல் கூடினால் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 83 என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10. கைபேசியில் இரண்டு கோடு ஏற்றுவது ஒன்றுமில்லாததுபோலத் தோன்றும், கணக்கு அப்படி இல்லை.

என்னிடம் வருகிற இளைஞர்களில் பலர் பஸ்ஸில் காதுக்கருவியோடு போகிறவர்கள். வண்டி இரைச்சலை அமுக்குவதற்காக ஒலியை ஏற்றுவார்கள். இறங்கி அமைதியான அறைக்கு வந்த பிறகும் குறைக்க மறந்துவிடுவார்கள். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டில், அமைதியில், பேச்சு தெளிவாகப் புரியும் குறைந்த அளவைக் கண்டுபிடியுங்கள். பஸ்ஸிலும் அதைத் தாண்டாதீர்கள். புரியவில்லையென்றால் பஸ்ஸில் பாடம் வேண்டாம். காதில் விசில் சத்தம்போல ஒன்று விடாமல் கேட்டால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் வழக்கம்: நாள் முழுக்க மற்றவர் காதுக்குச் சின்னச் சின்ன ஒலிகளைக் கொடுத்துக்கொண்டிருப்பதால் வீட்டுக்குப் போனதும் ஒரு மணி நேரம் எதையும் கேட்பதில்லை.

இரவுப்பணி செவிலி · வியாழன் பகல் 3:40

இரவு 2 மணிக்கு வார்டில் எதுவும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. இயந்திரங்களின் 'பீப்' ஒலி மாறுகிறதா என்பதில்தான் என் காது இருக்கும். அதனால் என் நாள் காலை 8 மணிக்குப் பணி முடிந்து பஸ் ஏறும்போது தொடங்குகிறது. ஒரு காதில் மட்டும் கருவி, மெல்லிய நாதஸ்வரம். வீட்டுக்கு வந்து திரையை இழுத்துவிட்டுப் படுக்கும்போது யாரோ பேசிக்கொண்டிருக்க வேண்டும். பாட்டென்றால் எனக்குத் தூக்கம் வராது. தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' பழைய பதிவுகளைப் போட்டுக்கொள்வேன். அவசரமே இல்லாத குரல். கதையின் முடிவைக் கேட்டதாக நினைவில்லை, அதற்குள் தூங்கிவிடுவேன்.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பது வயதுத் தாத்தா ஒருவர் கையடக்க டிரான்சிஸ்டரைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். இரவில் அவருக்குத் தூக்கமே இல்லை. "மணி என்ன அம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். விடியற்காலையில் பெட்டியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்வார். வெறும் இரைச்சல்தான் வரும். பிறகு வானொலியின் அந்த அடையாள வயலின் இசை தொடங்கும். முகம் அப்படியே தளர்ந்துவிடும். "விடிந்துவிட்டது" என்பார். அதற்குப் பிறகுதான் தூங்குவார். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் நான் அந்த நிமிடம் நின்றுவிட்டுப் போவேன்.

சிற்றலை நேயர், சேலம் · வியாழன் மாலை 4:05

சகோதரி எழுதியதைப் படித்து நெஞ்சு நிறைந்தது. அந்த இசையை 1936 வாக்கில் அமைத்தவர் வால்டர் காஃப்மன். செக் நாட்டுப் பக்கத்து யூதர். ஹிட்லரின் காலத்தில் தப்பிப் பம்பாய்க்கு வந்து வானொலியில் வேலை பார்த்தவர். வயலின் மெஹ்லி மேத்தா வாசித்தது என்பார்கள். அதன் சாயல் சிவரஞ்சனி ராகம். சொந்த ஊரை இழந்து வந்த ஒருவர் போட்ட மெட்டில்தான் நம் ஊர் தாத்தாவுக்குப் பொழுது விடிந்திருக்கிறது.

வேதாரண்யத்தான் · வியாழன் இரவு 9:30

எங்கள் பக்கம் உப்பளம். வேலை வெயிலுக்கு முன்னால், விடியற்காலையில். கடல் தாண்டினால் யாழ்ப்பாணம் என்பதால் இலங்கைத் தமிழ்ப் பண்பலைகள் எங்களுக்கு உள்ளூர் நிலையம் மாதிரி. பாத்தியில் உப்பு வாரும்போது வரப்பில் ஒரு பெட்டி பாடிக்கொண்டிருக்கும்.

2018 நவம்பர் 16, கஜா புயல். விடியும்போது தெருவில் ஒரு மின்கம்பம் நிற்கவில்லை. தென்னை எல்லாம் படுத்துக் கிடந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை, பிறகு சார்ஜும் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை எங்களுக்கு வெளியிலிருந்து செய்தி கொண்டுவந்தது பாட்டியின் பழைய மூன்று கட்டைப் பெட்டிதான். கட்டை தீர்ந்துவிடுமே என்று ஒரு நாளைக்கு மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம். மற்ற நேரம் கட்டையைக் கழற்றி ஓட்டு மேல் வெயிலில் காயவைப்பாள் பாட்டி. எந்த ஊருக்கு என்ன நிவாரணம், எந்தப் பள்ளியில் முகாம் என்று கேட்டுவந்து நான் தெருவில் சொல்வேன்.

அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் புதுக் கட்டை நாலு வாங்கி வைத்துவிடுவேன். பாம்பன் பக்கம் 'கடல் ஓசை' என்று மீனவர்களுக்கே 90.4-இல் ஒரு சமுதாய வானொலி இருக்கிறது. காற்றும் அலையும் அவர்கள் மொழியிலேயே சொல்கிறார்கள். எங்கள் கரைக்கும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை.

குடந்தைத் தையல்காரர் · வெள்ளி காலை 6:30

சேலத்துச் சகோதரருக்கு: இரைச்சல் சரியாக 6:10-க்கு, ஒரே நொடியில் தொடங்குகிறது. கட்டையில் ஓட்டினாலும் அப்படியே இருக்கிறது. வாசலுக்கு வந்து பார்த்தால் வடக்குப் பக்கத்துக் கடையில் புதிதாக மாட்டிய பெயர்ப்பலகை விளக்கு அப்போதுதான் எரிகிறது.

சிற்றலை நேயர், சேலம் · வெள்ளி காலை 7:00

அப்படியானால் வானத்தின் மேல் பழி இல்லை. அந்தப் பெயர்ப்பலகை விளக்கின் அடாப்டர்தான்.

பெட்டிக்குள் ஒரு கருப்புக் கோல், அதன் மேல் செப்புக் கம்பி சுற்றியிருக்கும். அதுதான் மீடியம் வேவ் ஆண்டெனா. பெரும்பாலும் பெட்டியின் நீளவாக்கில் படுத்திருக்கும். அதன் பக்கவாட்டிலிருந்து வருவதை நன்றாக வாங்கும், இரண்டு முனைகளுக்கு நேரே வருவதை வாங்காது. உங்களுக்குத் திருச்சி மேற்கே, பக்கத்துக் கடை வடக்கே. பெட்டியை அதன் நீளம் தெற்கு வடக்காக இருக்கும்படி வையுங்கள். முனை இரைச்சலைப் பார்க்கும், பக்கவாட்டு திருச்சியைப் பார்க்கும். பிறகு அங்குலம் அங்குலமாகத் திருப்பி இரைச்சல் மிகவும் குறையும் இடத்தில் நிறுத்துங்கள். முடிந்தால் அந்தச் சுவரிலிருந்து தள்ளியும் வையுங்கள்.

பக்கத்துக் கடைக்காரரிடமும் நல்லபடியாகச் சொல்லிப் பாருங்கள். நல்ல அடாப்டர் ஒன்று மாற்றினால் முழுதும் தீரும்.

தமிழாசிரியர், திருநெல்வேலி · வெள்ளி மாலை 5:25

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. இந்த இழை முழுவதையும் கைபேசியின் திரைவாசிப்பான்தான் எனக்குப் படித்துக் காட்டியது. தர்மபுரித் தங்கைக்கு ஒன்றரை மடங்கு வேகம், எனக்கு மூன்று மடங்கு. பழக்கம்தான்.

எனக்கு இருக்கும் சிக்கலே வேறு. கைபேசி பேசும், வகுப்பில் பிள்ளைகள் பேசுவார்கள், சாலை பேசும். நடக்கும்போது காதை நான் எதற்கும் கொடுக்க முடியாது, என் வழி அதில்தான் இருக்கிறது. காதில் எதையும் மாட்டாமல் நடக்கிறேன். பொழுதுபோக்காகக் கேட்பதென்றால் உட்கார்ந்துதான், ஒரே ஒரு வேளை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. சின்ன வயதில் அது கிரிக்கெட். அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணனை சொல்லும்போது பந்து எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், யாரைத் தாண்டிப் போகிறது என்பது மைதானத்தின் படமாக எனக்குள் விழும். பார்வையுள்ள நண்பர்கள் என்னிடம் ஸ்கோர் கேட்பார்கள்.

தையல்கார ஐயா, ஒரு வேண்டுகோள். உங்கள் கடையை நீங்கள் எழுத்தில் சொல்லிவிட்டீர்கள். ஐந்து நிமிடம் அதை ஒலியாகப் பதிந்து இங்கே போடுவீர்களா?

யாழ்ப்பாணத்துப் பிள்ளை, டொராண்டோ · வெள்ளி காலை 8:15 (டொராண்டோ நேரம்)

நானும் கேட்கிறேன் அண்ணை. என் அம்மாவும் தைத்தவர்.

நடத்துநர், திண்டுக்கல் · சனி காலை 5:10

காது பரிசோதகர் எழுதியதை, சத்தமாகக் கைபேசி வைத்திருந்த ஒரு பையனிடம் நேற்றுப் படித்துக் காட்டினேன். "அப்படியானால் காதுக்கருவியும் கெடுதல், சத்தமாக வைத்தாலும் தப்பு, நான் என்னதான் செய்வது?" என்று நியாயமாகத்தான் கேட்டான். காதுக்கருவியில், குறைந்த ஒலியில், பாட்டு மட்டும் என்றேன். வத்தலக்குண்டு வரை ஒப்புக்கொண்டான்.

குடந்தைத் தையல்காரர் · ஞாயிறு காலை 11:00

பெட்டியைத் தெற்கு வடக்காகத் திருப்பி, துணி வெட்டும் மேசையின் மறு ஓரத்துக்கு மாற்றினேன். இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது. பக்கத்துக் கடைத் தம்பியைக் கூப்பிட்டு, விளக்கை ஒரு முறை அணைத்துப் போடச் சொல்லிக் கேட்க வைத்தேன். அவனுக்கே ஆச்சரியம். "இது எனக்குத் தெரியவே தெரியாது ஐயா" என்றான். திங்கட்கிழமை அடாப்டர் மாற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

பதிவு கேட்டீர்கள். என் பேரன் கைபேசியில் பதிந்து இங்கே இணைத்திருக்கிறான். 5 நிமிடம் 40 நொடி. பாட்டு, நடுவில் அறிவிப்பு, பிறகு மறுபடியும் பாட்டு. நான் எதுவும் பேசவில்லை, வேலையைத்தான் பார்த்தேன்.

தமிழாசிரியர், திருநெல்வேலி · ஞாயிறு இரவு 8:50

மூன்று முறை கேட்டேன் ஐயா. வானொலி உங்கள் இடது கைப் பக்கம், கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது. பாட்டு முடிந்து அறிவிப்பு வந்ததும், நீங்கள் எழுதியபடியே, மெஷின் நின்றுவிடுகிறது. பிறகு துணியில் ஊசி ஏறும் சத்தம்கூட இருக்கிறது, மிகச் சன்னமாக. கத்தரி ஒரு முறை. தெருவில் தள்ளுவண்டி ஒன்று.

மெஷின் ஓடும்போது ஒரு 'டிக்' கேட்கிறது. பெரிய சக்கரத்தின் சுற்றோடு அது பொருந்தவில்லை, அதைவிட நிதானமாக வருகிறது. பெல்ட் முழுச் சுற்று வரும் ஒவ்வொரு தடவையும் விழுகிறது என்று நினைக்கிறேன். தோல் பெல்ட்டின் இரண்டு முனைகளையும் சேர்க்கும் கம்பிக் கொக்கி வெளியே துருத்திக்கொண்டு எதிலோ தட்டுகிறதா, பாருங்கள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை, டொராண்டோ · ஞாயிறு இரவு 9:20

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இன்னொருக்கால் போடு" என்றார்.

குடந்தைத் தையல்காரர் · திங்கள் காலை 10:20

ஆசிரியர் ஐயா, கொக்கிதான். ஒரு கால் நிமிர்ந்து, மேல் சக்கரத்தின் காப்பில் தட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது கேட்கவே இல்லை. குறட்டால் மடக்கிவிட்டேன். பெல்ட்டும் அந்த இடத்தில் நைந்திருக்கிறது. தீபாவளி நெருக்கத்தில் அறுந்திருந்தால் ஒரு நாள் வேலை கெட்டிருக்கும். புதுப் பெல்ட் வாங்கிவரப் பேரன் போயிருக்கிறான். அவன் வரும்வரை காஜா எடுத்துக்கொண்டிருக்கிறேன். திருச்சியில் இப்போது பேச்சு.